உதவித்தொகையும் அரியரும்

கல்லூரி மாணவருக்கு அரசு தரும் உதவித்தொகை சேர்க்கையின்போது ஒருமுறை வழங்கப்பட்டு முடிவதில்லை. ஒவ்வோர் ஆண்டும் அது புதுப்பிக்கப்பட வேண்டும். முதலாண்டில் சாதி, வருமானம், பள்ளி மதிப்பெண் ஆகியவை தகுதியாகப் பார்க்கப்படுகின்றன. இரண்டாம் ஆண்டிலிருந்து அவற்றோடு வேறொரு கேள்வியும் சேர்கிறது: படிப்பு நகர்கிறதா? அதற்குப் பதிலளிக்கும் அளவுகோல் திட்டத்துக்குத் திட்டம் மாறுகிறது. மதிப்பெண்ணைப் பார்க்கும் திட்டங்கள் உண்டு. வகுப்பு வருகையைப் பார்ப்பவை உண்டு. மாணவர் அடுத்த ஆண்டுக்கு ஏறினாரா என்பதோடு நிறுத்திக்கொள்பவையும் உண்டு. தமிழ்நாட்டில் இம்மூன்றும் ஒன்றின்மேல் ஒன்றாகப் படிந்திருக்கின்றன. ஆனால் மூன்றுக்கும் நடைமுறையில் ஒரே வலு இல்லை.

படிப்பவருக்குப் படி அளப்பது இந்த மண்ணுக்குப் பழைய வழக்கம். விழுப்புரம் மாவட்டத்து எண்ணாயிரத்தில் முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, கோயிலைச் சார்ந்த வேதக் கல்லூரியின் 340 மாணவர்களுக்கும் 14 ஆசிரியர்களுக்கும் செய்யப்பட்ட ஏற்பாட்டைப் பதிவு செய்கிறது. கீழ்நிலையில் 270 பேர். அவர்களுக்கு நாளொன்றுக்கு ஆறு நாழி நெல். இலக்கணம், மீமாம்சை, வேதாந்தம் படித்த மேல்நிலை மாணவர் 70 பேர். அவர்களுக்கு ஒரு குறுணி இரண்டு நாழி, அதாவது பத்து நாழி. படிப்பின் படி உயர்ந்தால் நெல்லின் அளவும் உயர்ந்தது. எண்ணாயிரத்து ஏற்பாடு வேதம் ஓத உரிமை பெற்றிருந்தோருக்கு மட்டுமானது. அந்த வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்களின் பிள்ளைகளுக்கு அரசுப் பணம் கிடைக்க மேலும் ஒன்பது நூற்றாண்டுகள் ஆயின.

இந்தியாவில் இன்றுள்ள உதவித்தொகைகளுக்கெல்லாம் தாய்த்திட்டம் என்று சொல்லத்தக்கது போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகை. அம்பேத்கர் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்த காலத்தில், 1944இல், பட்டியலின மாணவர்களுக்காக அது தொடங்கப்பட்டது. பின்னர் பழங்குடியினருக்கும் விரிந்தது. பெற்றோரின் ஆண்டு வருமான வரம்பு இப்போது 2.5 லட்சம் ரூபாய். 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை பட்டியலினத்தவருக்கான இத்திட்டத்தைத் திருத்தியது. ஐந்தாண்டுகளுக்கு 59,048 கோடி ரூபாய் என்றும், அதில் 60 விழுக்காடு மத்திய அரசும் 40 விழுக்காடு மாநிலங்களும் ஏற்கும் என்றும் முடிவாயிற்று. கட்டாயக் கட்டணங்கள் போக, படிப்பின் பிரிவுக்கேற்ப ஆண்டுப் படியும் உண்டு. மருத்துவம், பொறியியல் போன்ற முதல் பிரிவுப் படிப்பில் விடுதி மாணவருக்கு 13,500 ரூபாய், வீட்டிலிருந்து வந்து போகிறவருக்கு 7,000 ரூபாய். மூன்றாம் பிரிவில் அடங்கும் சாதாரணக் கலை, அறிவியல் பட்டப் படிப்பில் இவை முறையே 6,000 ரூபாயும் 3,000 ரூபாயும்.

கல்வி முன்னேற்றம் பற்றி இத்திட்டம் நெடுங்காலம் சொல்லிவந்தது என்ன என்பதை 2010இல் திருத்தப்பட்ட நெறிமுறைகளில் தெளிவாகக் காணலாம். ஒருமுறை வழங்கப்பட்ட உதவித்தொகை, நன்னடத்தையும் ஒழுங்கான வருகையும் இருக்கும்வரை படிப்பு முடியும் மட்டும் தொடரும். ஆண்டுதோறும் புதுப்பிக்க, மாணவர் அடுத்த வகுப்புக்கு உயர்த்தப்பட்டிருக்க வேண்டும். குறைந்தபட்ச மதிப்பெண் என்ற ஒன்று அதில் குறிப்பிடப்படவே இல்லை. ஏழை மாணவருக்கான உதவியைப் பரிசாக அல்லாமல் உரிமையாக எண்ணிய மனம் அந்த விதியில் தெரிகிறது.

தோல்வியைப் பற்றிய பகுதி இன்னும் நுட்பமானது. முதல் பிரிவுப் படிப்பில் மாணவர் முதல் தடவை தோற்றால் உதவித்தொகையைப் புதுப்பிக்கலாம். இரண்டாவது தடவையும் அதற்கு மேலும் தோற்றால், அடுத்த வகுப்புக்கு உயரும்வரை செலவை அவரே ஏற்க வேண்டும்; உயர்ந்தபின் மீண்டும் பெறலாம். நோயாலோ எதிர்பாரா நிகழ்வாலோ தேர்வே எழுத முடியாமற்போனவர் மருத்துவச் சான்றிதழைக் காட்ட வேண்டும். எழுதியிருந்தால் தேர்ச்சி பெற்றிருப்பார் என்று கல்லூரித் தலைவர் சான்று தந்தால் அடுத்த ஆண்டுக்கும் தொகை தொடரும். வேலைநிறுத்தத்தில் பங்கேற்பதும் அனுமதியில்லாமல் வகுப்புக்கு வராதிருப்பதும் தவறான நடத்தையாகக் கொள்ளப்பட்டு, தொகையை நிறுத்தவும் இடமுண்டு. போராட்டத்தையும் படிப்பில் பின்தங்குவதையும் ஒரே வாக்கியத்தில் கட்டிவைத்தது அந்த நெறிமுறையின் குறை என்றே சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டைப் பொறுத்தவரை இவ்விதிகளுள் மிகுந்த பயனுள்ளது வேறொன்று. கீழ் வகுப்புத் தேர்வில் முழுத் தேர்ச்சி பெறாவிட்டாலும், பல்கலைக்கழக விதிப்படி மாணவர் மேல் வகுப்புக்கு அனுப்பப்பட்டால், அந்த மேல் வகுப்புக்குரிய உதவித்தொகை அவருக்கு உண்டு என்கிறது அது. நிலுவைத் தாள்களைப் பிறகு எழுதிக்கொள்ளலாம். இங்குள்ள அரியர் முறைக்கென்றே எழுதியது போன்ற விதி இது.

அரியர் என்ற சொல் தமிழ்நாட்டுக் கல்லூரி வாழ்வில் வீட்டுச் சொல்லாகிவிட்டது. மாநிலப் பல்கலைக்கழகங்களின் கலை, அறிவியல் கல்லூரிகளில் முதல் பருவத்தில் ஐந்து தாள்களில் மூன்றில் தவறினாலும் மாணவர் இரண்டாம் பருவத்துக்குப் போவார். அதன்பின் இரண்டாம் ஆண்டுக்கும் போவார். தவறிய தாள்கள் அவருடனேயே நகரும். விழுப்புரம் மாவட்டக் கல்லூரிகள் முன்பு வேலூர்த் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தைச் சார்ந்திருந்தன. 2021இல் விழுப்புரத்தில் தனிப் பல்கலைக்கழகம் ஒன்று தொடங்கி அதே ஆண்டில் கலைக்கப்பட்டது; அக்கல்லூரிகள் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கீழ் வந்தன. பல்கலைக்கழகம் மாறினாலும் அரியரோடு மேலே போகும் வழக்கம் மாறவில்லை. அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புப் பொறியியல் கல்லூரிகளிலும் ஏறத்தாழ இதே நிலைதான். நான்காண்டுப் படிப்பை முடிக்க அங்கே 14 பருவங்கள், அதாவது ஏழாண்டுகள் வரை அவகாசம் உண்டு.

இதன் விளைவு என்னவென்றால், வகுப்பு உயர்வு என்பது பெரும்பாலான படிப்புகளில் தானாக நடந்துவிடுகிறது. ஆகவே உயர்வை நிபந்தனையாக வைத்த உதவித்தொகை, மதிப்பெண் காரணமாக நிற்பது அரிது. விழுப்புரம் மாவட்டத்துத் தளவானூர் போன்ற சிற்றூரிலிருந்து முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போகும் ஒருவர், தமிழ் வழியில் படித்துவிட்டு ஆங்கிலப் பாடநூலோடு மல்லுக்கட்டும் முதலாண்டில் இரண்டு மூன்று தாள்களில் தவறினாலும் உதவித்தொகையை இழப்பதில்லை. மாநிலம் செய்த நன்மைகளுள் இது சிறிதன்று. முதலாண்டுத் தோல்விக்கே பணத்தை நிறுத்தியிருந்தால் கிராமத்துப் பிள்ளைகளில் பலர் அங்கேயே நின்றிருப்பார்கள்.

ஆனால் இந்தத் தாராளத்துக்கு மறுபக்கமும் உண்டு. உதவித்தொகையின் காலம் படிப்பின் காலத்தோடு முடிகிறது. மூன்றாண்டுப் படிப்புக்கு மூன்றாண்டு உதவி. ஆறாம் பருவம் முடியும்போது ஒருவரிடம் ஏழு அரியர் இருந்தால், பட்டம் கைக்கு வராத நிலையில் தொகை மட்டும் நின்றுவிடும். அதற்குப் பின் தேர்வுக் கட்டணம், பேருந்துச் செலவு, விடுபட்ட நாளின் கூலி எல்லாம் அவருடையவை. உதவி இருந்த நாளில் எச்சரிக்கை ஏதும் இல்லை. எச்சரிக்கை தேவைப்படும் நாளில் உதவி இல்லை. மூன்றாண்டுகளில் ஒருமுறையேனும் ‘இத்தனை தாள்கள் நிலுவையில் உள்ளன, இந்த வேகத்தில் பட்டம் முடியாது’ என்று மாணவருக்குச் சொல்லும் கட்டாயம் உதவித்தொகை நடைமுறையில் யாருக்கும் இல்லை.

அரியரின் பரப்பு எவ்வளவு என்பதைக் கொரோனா காலம் வெளிச்சமிட்டுக் காட்டியது. 2020 ஆகஸ்டில், தேர்வுக் கட்டணம் செலுத்தியிருந்த அரியர் மாணவர்களுக்குத் தேர்வின்றியே தேர்ச்சி என்று மாநில அரசு அறிவித்தது. ஊரெங்கும் சுவரொட்டி வைத்து நன்றி சொன்னார்கள் மாணவர்கள். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு ஒப்பவில்லை. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயிற்று. தேர்வு நடத்தாமல் தரும் தேர்ச்சியை ஏற்க முடியாதென 2021இல் நீதிமன்றம் தெரிவித்தது.

மருத்துவம் மட்டும் இந்த வழக்கத்துக்கு வெளியே நிற்கிறது. எம்.பி.பி.எஸ். முதற்கட்டத் தேர்வில் தேறாமல் இரண்டாம் கட்டத்துக்குப் போக முடியாது. முதற்கட்டத்தைத் தாண்ட நான்கு முயற்சிகளும் நான்கு ஆண்டுகளும்தான். முழுப் படிப்பையும் முடிக்க ஒன்பது ஆண்டுகள் வரம்பு. அரசுப் பள்ளி மாணவருக்கான 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2020இல் மருத்துவத்துக்கு வந்தது. மறு ஆண்டு பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளுக்கும் விரிந்தது. இவ்வழியில் சேர்வோரின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. செஞ்சி வட்டாரத்து அரசுப் பள்ளியொன்றிலிருந்து முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போகும் மாணவருக்கு, அதே பள்ளியிலிருந்து கலைக் கல்லூரிக்குப் போகும் நண்பருக்கு இல்லாத ஒரு தடை முதலாண்டிலேயே காத்திருக்கிறது. போஸ்ட் மெட்ரிக் விதி முதல் பிரிவுப் படிப்புக்கு மட்டும் ஒரு தோல்வியை மன்னித்ததன் நியாயம் இங்கேதான் விளங்கும். தோற்றால் அடுத்த வகுப்பு இல்லை என்னும் இடத்தில்தான் அந்த மன்னிப்புக்கு வேலை இருக்கிறது.

மதிப்பெண் வழிவிட்ட இடத்தில் வருகைப் பதிவேடு குறுக்கே நிற்கிறது. தமிழ்நாட்டில் உதவித்தொகையை உண்மையில் நிறுத்தவல்லது இதுவே. மாநிலப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் விதி இப்படி அமைந்திருக்கிறது: 75 விழுக்காடு வருகை இருந்தால் தேர்வு எழுதலாம். 65 முதல் 74 வரை இருந்தால் வருகைக் குறையைப் பொறுத்துக்கொள்வதற்கான ‘கண்டனேஷன்’ கட்டணம் கட்டி, காரணம் காட்டி எழுதலாம். 50 முதல் 64 வரை இருப்பவர் அந்தப் பருவத் தேர்வை எழுத முடியாது, அடுத்த முறை எழுதலாம். 50க்கும் கீழே போனால் அந்தப் பருவத்தையே திரும்பப் படிக்க வேண்டும். அண்ணா பல்கலைக்கழகம் இன்னும் கறார். அங்கே 65க்குக் கீழே போனாலே பருவத்தைத் திரும்பப் படிக்கும் நிலை.

ஒரு பருவத்துக்கு 90 வேலை நாள் என்று கொண்டால், 75 விழுக்காடு என்பது 68 நாள். தவறவிடக் கூடியவை 22. கேட்பதற்குத் தாராளமாகத் தோன்றும் கணக்கு. ஆனால் பயணத் தூரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். செஞ்சியிலிருந்து திண்டிவனம் ஏறத்தாழ 28 கிலோமீட்டர்; விழுப்புரமும் திருவண்ணாமலையும் 40 கிலோமீட்டரை ஒட்டிய தூரம். திண்டிவனம் திரு ஆ. கோவிந்தசாமி அரசு கலைக் கல்லூரிக்கோ விழுப்புரம் அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரிக்கோ செஞ்சியைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலிருந்து போகிறவர் முதலில் செஞ்சிக்கு வந்து, அங்கிருந்து வேறு பேருந்து பிடிக்க வேண்டும். அரசுக் கல்லூரி மாணவருக்குப் பயண அட்டை இலவசம். ஆயினும் காலைப் பேருந்தைத் தவறவிட்டால் முதல் மணி வகுப்பு போய்விடும். சில கல்லூரிகளில் முதல் மணிக்கு இல்லாதவருக்கு அரை நாள் வருகை போய்விடும். மணிலா பிடுங்கும் பருவத்திலும் நெல் நடவின்போதும் வீட்டில் ஆள் தேவைப்படும். மழை வெள்ளம், வீட்டில் ஒரு சாவு, ஒரு மஞ்சள் காமாலை என்று சேர்ந்தால் 22 நாள் கரைவதற்கு ஒரு மாதம் போதும்.

ஆகவே ஒரே வீட்டுப் பிள்ளை மூன்று தாள் தவறினாலும் தொகையைத் தக்கவைக்கிறார். மூன்று வாரம் கூடுதலாக விடுப்பு எடுத்தால் இழக்கும் நிலைக்கு வருகிறார். படிப்பில் பின்தங்குவதைவிட வகுப்பில் இல்லாதிருப்பதை நடைமுறை கடுமையாகத் தண்டிக்கிறது. இதற்கு ஆதரவாகவும் ஒரு வாதம் உண்டு. வருகை மாணவரின் முயற்சியைக் காட்டும். மதிப்பெண் அவர் படித்த பள்ளியையும் சேர்த்துக் காட்டும். அந்த வாதத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் அன்றாடம் கூலி தேடும் வீட்டில் வருகையும் முழுக்க மாணவர் கையில் இல்லை என்பதை அது கணக்கில் எடுப்பதில்லை.

தகுதி அடிப்படையிலான மத்திய அரசுத் திட்டங்களுக்கு வந்தால் மதிப்பெண் தலைதூக்குகிறது. கல்லூரி, பல்கலைக்கழக மாணவருக்கான மத்தியத் துறை உதவித்தொகை, பன்னிரண்டாம் வகுப்பில் தம் வாரியத்தின் தேர்ச்சியாளர்களில் முதல் 20 விழுக்காட்டுக்குள் வந்தவர்களுக்கானது. குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். நாடு முழுவதும் ஆண்டுக்கு 82,000 புதிய இடங்கள். இளநிலைப் படிப்பில் ஆண்டுக்கு 12,000 ரூபாய். புதுப்பிக்க ஆண்டுத் தேர்வில் குறைந்தது 50 விழுக்காடு மதிப்பெண்ணும் 75 விழுக்காடு வருகையும் தேவை. அடிப்படை அறிவியல் படிப்போருக்கான இன்ஸ்பயர் உதவித்தொகை ஆண்டுக்கு 80,000 ரூபாய். அதற்கு 60 விழுக்காடு அல்லது பத்துக்கு 6 என்ற தரப்புள்ளி வேண்டும். முதல் பருவத்தில் தடுமாறி மூன்றாம் பருவத்தில் நிமிரும் மாணவருக்கு இத்திட்டங்களில் இடமில்லை. கிராமத்துப் பிள்ளைகள் பெரும்பாலும் அந்த வகைதான்.

மாநில அரசின் மாதத்தொகைத் திட்டங்கள் இதற்கு நேர் எதிர்த்திசையில் போகின்றன. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கியது. முறைப்படி அது மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திட்டம். முன்பு அதே பெயரில் திருமண உதவி வழங்கப்பட்டது. ஆண்களுக்கான தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்ட் 9 அன்று கோவையில் தொடங்கப்பட்டது. இவற்றில் மதிப்பெண் நிபந்தனை இல்லை. படிப்பில் தொடர்ந்து இருப்பதே நிபந்தனை. மற்ற உதவித்தொகை பெறுவோரும் இதைப் பெறலாம். 2010-11 கல்வியாண்டிலிருந்து நடைமுறையில் உள்ள முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகையும், ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வழி தொழிற்படிப்பில் சேர்ந்தவருக்கு வருமான வரம்பு பாராமல் கிடைக்கிறது. இச்சலுகைகளின் நோக்கம் இடைநிற்றலைத் தடுப்பது. சிறந்தவரைத் தேர்ந்தெடுப்பது அல்ல.

இந்தக் குழப்பத்துக்குப் பக்கத்தில் அமெரிக்க முறையை வைத்துப் பார்ப்பது பயனுள்ளது. 1965ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டத்தின்கீழ் கூட்டரசு தரும் உதவிகளுக்கு, 1976 திருத்தம் முதல், ‘திருப்தியான கல்வி முன்னேற்றம்’ என்ற பொது நிபந்தனை உண்டு. அது மூன்றை அளக்கிறது. இரண்டாம் ஆண்டு முடிவில் சராசரி, நான்குக்கு 2 என்ற அளவிலோ அதற்கு நிகராகவோ இருக்க வேண்டும். எடுத்த பாடங்களில் போதிய பங்கை முடித்துக்கொண்டே வர வேண்டும். பல கல்லூரிகள் இதை மூன்றில் இரண்டு என வைத்துள்ளன. மொத்தப் படிப்பும் அதற்குரிய அளவின் 150 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது: 120 கிரெடிட் பட்டத்துக்கு 180 கிரெடிட் வரை முயலலாம். வரையறை இத்தனை இறுக்கமாக இருந்தும், ஒரு பருவம் சறுக்கியவருக்கு முதலில் எச்சரிக்கை கொடுத்து உதவியைத் தொடரக் கல்லூரிக்கு இடமுண்டு. அதற்குப் பின்னும் தேறாவிட்டால் உறவினர் மரணம், காயம், நோய் போன்ற காரணம் காட்டி மேல்முறையீடு செய்யலாம். ஏற்கப்பட்டால் கண்காணிப்பின்கீழ் மேலும் ஒரு பருவம் உதவி உண்டு.

தமிழ்நாட்டு விதிகளில் இல்லாதது இந்த நடுப்படிகள்தாம். மருத்துவச் சான்றிதழும் கல்லூரித் தலைவரின் கையெழுத்தும் மேல்முறையீட்டின் வேலையைச் செய்கின்றன. அவை கிடைப்பது அந்தத் தலைவரின் மனத்தைப் பொறுத்தது. அமெரிக்க முறையில் எடுத்துக்கொள்ளத்தக்கது முடிப்பு வேகத்தை அளப்பது. நிலுவைத் தாள்கள் பாதியைத் தாண்டும்போதே சிறப்பு வகுப்புக்கு அழைப்பதும், படிப்புக் காலம் முடிந்தபின் ஓராண்டுக்கு அரியர் தேர்வுக் கட்டணத்தை ஏற்பதும் பெருஞ்செலவு பிடிக்காதவை. மதிப்பெண் வரம்பை மட்டும் அங்கிருந்து கொண்டுவந்தால் நன்மையைவிடத் தீமையே மிகும்.

கல்விக் கடனிலும் இதே கேள்வி வேறு முகத்தோடு வருகிறது. வங்கி ஆண்டுதோறும் தவணையாகவே கட்டணத்தை விடுவிக்கிறது; முந்தைய ஆண்டின் மதிப்பெண் பட்டியலைப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த தவணை என்பது வழக்கம். 2009-10 முதல் 4.5 லட்சம் வருமான வரம்புக்குள் இருப்போருக்கு வட்டி மானியம் தந்த மத்தியத் திட்டம், படிப்பை இடையில் விட்டவருக்கும், ஒழுக்கம் அல்லது படிப்புக் காரணமாக நீக்கப்பட்டவருக்கும் மானியம் இல்லை என்றது. மருத்துவக் காரணத்தால் நின்றவருக்கு விலக்கு உண்டு. உதவித்தொகை நின்றால் வரவு நிற்கும்; மானியம் நின்றால் வட்டி ஏறும். இரண்டாவதன் சுமை குடும்பத்தின்மேல் பல ஆண்டுகள் இருக்கும்.

ஆய்வு மாணவருக்கு அளவுகோல் முற்றிலும் வேறு. பல்கலைக்கழக மானியக் குழுவின் இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். இரண்டாண்டுக்குப் பின் வெளி வல்லுநர் இடம்பெறும் குழு முன்னேற்றத்தை மதிப்பிட்டு, திருப்தி என்றால் 42,000 ரூபாயுள்ள முதுநிலைக்கு உயர்த்தும். இங்கே தேர்வும் இல்லை, தாளும் இல்லை. நெறியாளரின் கருத்துக்குத்தான் எடை அதிகம்.

எல்லாத் திட்டங்களிலும் கடைசியில் எஞ்சுவது காகித வேலை. புதுப்பிப்பு தானாக நடப்பதில்லை. மத்தியத் திட்டங்களுக்குத் தேசிய உதவித்தொகை இணையதளத்திலும், மாநிலம் வழி வருபவற்றுக்கு அரசின் தனித் தளங்களிலும் ஒவ்வோர் ஆண்டும் விண்ணப்பிக்க வேண்டும். ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்கு இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். கல்லூரியின் பொறுப்பு அலுவலர் விவரங்களைச் சரிபார்த்து மேலே அனுப்ப வேண்டும். வருகையும் தேர்ச்சியும் சரியாக இருந்தும், வருமானச் சான்றிதழ் காலாவதியானதாலோ கணக்கு முடங்கியதாலோ தொகை வராமற்போவது உண்டு. பருவத்தைத் திரும்பப் படிக்க நேர்ந்தவர் மறுபடி வகுப்பு உயர்ந்ததும் தாமே புதுப்பிக்க முனைய வேண்டும். அவரைத் தேடி யாரும் வருவதில்லை. அந்த ஆண்டுக்குரிய விண்ணப்பத் தேதி கடந்துவிட்டால் மேலும் ஓராண்டு போகும்.